கம்ப்யூட்டர் திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆகுதா? எஸ்எம்பிஎஸ் சரியான வோல்டேஜ் கொடுக்குதா என்று செக் பண்ணுவது எப்படி?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென ஆஃப் ஆகி, தானாகவே மறுபடியும் ஆன் ஆகிறது. கேம் ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் ஸ்க்ரீன் கறுப்பாகிவிடுகிறது. பென் டிரைவ் சொருகினால் கனெக்ட் ஆகிறது, உடனே டிஸ்கனெக்ட் ஆகிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "மதர்போர்டு போயிடுச்சு" என்று ஒருவர் சொல்வார், "ரேம் மாத்திப் பாருங்க" என்று இன்னொருவர் சொல்வார்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து மதர்போர்டை மாற்றும் முன் ஒரு தடவை சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எஸ்எம்பிஎஸ். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி.

இது கொடுக்கும் வோல்டேஜ் குறைந்தால் கம்ப்யூட்டர் நின்றுபோகும், அவ்வளவுதான். அளவுக்கு மீறி ஏறினால் கதையே வேறு. ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு என்று மற்ற பாகங்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஹார்ட் டிஸ்க்கோடு குடும்பப் போட்டோ, ஆபீஸ் ஃபைல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் போகும். அதனால் சந்தேகம் வந்ததுமே செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் பேக்கப் எடுத்து வைப்பது. செக்கிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எஸ்எம்பிஎஸ் செய்யும் வேலை என்ன?

வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி கரண்ட். கம்ப்யூட்டர் பாகங்களுக்குத் தேவை மிகக் குறைந்த வோல்டேஜில் டிசி கரண்ட். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை.

இப்போதுள்ள பெரும்பாலான டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள், இன்டெல் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைப் பின்பற்றுகின்றன. எந்த ஒயரில் எவ்வளவு வோல்டேஜ் வர வேண்டும், எவ்வளவு வரை கூடலாம், குறையலாம் என்பதெல்லாம் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு வோல்டேஜ் வர வேண்டும்?

முக்கியமான மூன்று லைன்களிலும் 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு.

மஞ்சள் ஒயர், 12 வோல்ட்: 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் பெரும்பாலான கரண்ட் போவது இந்த லைனில்தான்.

சிவப்பு ஒயர், 5 வோல்ட்: 4.75 முதல் 5.25 வரை. யுஎஸ்பி, எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்கின் எலக்ட்ரானிக் பகுதி இதில் ஓடும்.

ஆரஞ்சு ஒயர், 3.3 வோல்ட்: 3.14 முதல் 3.46 வரை.

ஊதா ஒயர், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை: 4.75 முதல் 5.25 வரை. கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் இது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நீல ஒயர், மைனஸ் 12 வோல்ட்: இதற்கு 10 சதவீதம் வரை சலுகை. இன்று இதற்குப் பெரிய வேலை கிடையாது.

கறுப்பு ஒயர்கள் அனைத்தும் கிரவுண்ட். அளப்பது எல்லாமே இதை வைத்துத்தான்.

12 வோல்ட் என்றால் மீட்டரில் 12.00 என்றே காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அவசியம் இல்லை. 11.87 காட்டினாலும் சரி, 12.21 காட்டினாலும் சரி, பயப்படத் தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் மட்டுமே வரும். மற்ற வோல்டேஜ்களை மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும். அவற்றில் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்காது. அப்படி இருந்தால் மேலே உள்ள பட்டியல் முழுவதும் பொருந்தாது.

தொடும் முன் இதைப் படியுங்கள்

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்க்ரூவை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் டிசி சேர்ந்திருக்கும். பல மாடல்களில் அது 380, 400 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. உயிருக்கே ஆபத்து.

இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் அளவீடுகள் எல்லாமே பெட்டிக்கு வெளியே வரும் டிசி ஒயர்களில் எடுப்பவை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் மீட்டர் முனை தவறிப்போய் மஞ்சள், கறுப்பு இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகி தீப்பொறி பறக்கும். பாகங்கள் பாழாகலாம். மோதிரம், உலோகப் பட்டையுள்ள வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதல் கட்டம்: மீட்டரே இல்லாமல் பார்ப்பது

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். அதில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பகுதியில் 12, 5, 3.3 வோல்ட் அளவுகள் இருக்கும். விண்டோஸுக்குள் போய்ப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் உள்ளன.

ஆனால் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்தான் இந்த வோல்டேஜை அளக்கிறது. 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாததால், ரெசிஸ்டர்கள் மூலம் குறைத்து அளந்து, பிறகு கணக்குப் போட்டுப் பெருக்கிக் காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். சாஃப்ட்வேருக்கு அது சரியாகத் தெரியாவிட்டால் 12 வோல்ட் லைனில் 8 வோல்ட் என்றுகூடக் காட்டும்.

உண்மையிலேயே 8 வோல்ட்தான் வருகிறது என்றால் அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே செய்யாது. ஆக, சாஃப்ட்வேர் தப்பான எண் காட்டினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள்.

அதே பட்டியலில் விபேட் என்று 3 வோல்ட்டை ஒட்டி ஒரு எண் இருக்கும். அது மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியின் அளவு. அது இறங்கிப்போனால் தேதியும் நேரமும் மாறிப்போகும். அதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. பேட்டரியை மாற்றினால் போதும்.

இரண்டாவது கட்டம்: மல்டிமீட்டர்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே இந்த வேலைக்குப் போதும். ஆனால் முதலில் மீட்டரின் பேட்டரியைப் பாருங்கள். விலை குறைந்த மீட்டர்களில் பேட்டரி இறங்கினால், இருப்பதைவிட அதிக வோல்டேஜ் காட்டும். எஸ்எம்பிஎஸ் 13 வோல்ட் தருகிறது என்று பதறியவர்கள் பலருக்கு, மீட்டர் பேட்டரியை மாற்றியதுமே பிரச்னை தீர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை இவைதான்.

1. மீட்டரின் திருகியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஏசி பக்கம் வைத்தால் ரீடிங் தப்பாகும்.

2. கறுப்பு ஒயரைப் பொது முனையிலும், சிவப்பு ஒயரை வோல்ட் குறியுள்ள முனையிலும் சொருகுங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பு ஒயரைத் தவறியும் சொருகக் கூடாது. அப்படிச் செய்தால் மீட்டரே ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

3. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயர்களில் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கும் 4 பின் கனெக்டர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவுக்குப் போடும் பெரிய வெள்ளை அல்லது கறுப்பு கனெக்டர்தான் அது.

4. கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கனெக்டரின் நடுவில் உள்ள இரண்டு துளைகளில் ஒன்றில் வையுங்கள். சிவப்பு முனையை ஒரு ஓரத்தில் வைத்தால் 12 வோல்ட் காட்டும், மறு ஓரத்தில் வைத்தால் 5 வோல்ட் காட்டும்.

புது மாடல் எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருகிறது. அதனால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த 4 பின் கனெக்டரில் நடு இரண்டும் எப்போதும் கிரவுண்ட்தான். எது 12, எது 5 என்பதை மீட்டரே சொல்லிவிடும்.

5. 3.3 வோல்ட், ஸ்டாண்ட்பை இரண்டையும் பார்க்க மதர்போர்டில் சொருகியிருக்கும் 24 பின் கனெக்டருக்குப் போக வேண்டும். அதைக் கழற்றாமல், ஒயர் உள்ளே நுழையும் பின்பக்கமாக மெல்லிய மீட்டர் முனையை மெதுவாக நுழைத்து அளக்க வேண்டும். கை நடுங்கும் என்றால் இந்தக் கட்டத்தைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

மீட்டரும் நூற்றுக்கு நூறு துல்லியம் கிடையாது. சாதாரண மீட்டரின் துல்லியம் அரை சதவீதம், அத்துடன் கடைசி இலக்கத்தில் 2 கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் அளக்கும்போது அது சுமார் 0.08 வோல்ட் முன்னே பின்னே காட்டும். எனவே 11.38 என்று காட்டினால் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இன்னொரு மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கட்டம்: வேலை கொடுத்துப் பாருங்கள்

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மோசமான எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். வேலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும் நிலையில் 12, 5 வோல்ட் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் முழு வேலை கொடுங்கள். இதற்கு ஓசிசிடி போன்ற டெஸ்டிங் சாஃப்ட்வேர் இருக்கிறது. கம்ப்யூட்டரைத் திணறவைக்கும் ஒரு கேமைத் திறந்தாலும் சரி. 10 முதல் 15 நிமிடம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

12.10 இருந்தது 11.95 ஆனால் பிரச்னை இல்லை. தரமான எஸ்எம்பிஎஸ்களில் இந்த இறக்கம் 0.1, 0.2 வோல்ட் அளவில்தான் இருக்கும். 12.10 இருந்தது 11.50-க்கு வந்து, நேரம் ஆக ஆக இன்னும் இறங்குகிறது என்றால், அது விதிப்படி பாஸ் மார்க்காக இருந்தாலும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய அறிகுறி. 11.40-க்குக் கீழே போனால் ஃபெயில்.

12 வோல்ட் இறங்கும்போது 5 வோல்ட் ஏறுவது இன்னொரு அறிகுறி. பழைய, மலிவு விலை டிசைன்களில் இரண்டு லைன்களையும் ஒரே கன்ட்ரோல் சேர்த்துக் கவனிக்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தூக்கும் தராசு மாதிரி.

வோல்டேஜ் இறங்கினால் எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒயரிலும் கனெக்டரிலும் கொஞ்சம் வோல்டேஜ் விரயமாகும். ஒரு தளர்ந்த கனெக்டரில் 0.02 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்து, அதில் 10 ஆம்பியர் ஓடினால், அந்த இடத்திலேயே 0.2 வோல்ட் காணாமல் போகும். அது வெப்பமாக மாறும். ஒரு கனெக்டரில் மட்டும் வோல்டேஜ் குறைந்து, மற்ற கனெக்டரில் சரியாக இருந்தால் குற்றவாளி ஒயர்தான். பின்கள் பழுப்பேறியிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது.

கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லை என்றால்?

பிளக்கில் கரண்ட் இருக்கும் நிலையில் முதலில் ஊதா ஒயரைப் பாருங்கள். 5 வோல்ட் வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம்.

ஊதாவில் 5 வோல்ட் வருகிறது என்றால் அடுத்து பச்சை ஒயர். இதுதான் ஸ்விட்ச் லைன். ஆஃப் நிலையில் இதில் சில வோல்ட் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு இதை கிரவுண்டோடு சேர்த்து, 1 வோல்ட்டுக்கும் கீழே இறக்கிவிடும்.

பட்டனை அழுத்தியும் பச்சை இறங்கவில்லையா? பட்டனிலோ மதர்போர்டிலோ கோளாறு. பச்சை இறங்குகிறது, ஆனால் 12 வோல்ட் வரவில்லையா? ஒன்று எஸ்எம்பிஎஸ் பழுது, இல்லையென்றால் எங்கோ ஷார்ட் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது.

சாம்பல் நிற ஒயர் 'எல்லாம் ஓகே' என்று சொல்லும் ஒயர். எல்லா வோல்டேஜும் நிலைக்கு வந்து, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இதில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். அது வந்த பிறகுதான் மதர்போர்டு வேலையைத் தொடங்கும்.

பேப்பர் கிளிப் டெஸ்ட் நம்பகமானதா?

24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் பேப்பர் கிளிப்பை வளைத்துச் சொருகி ஆன் செய்யும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறது. லோடு இல்லாமல் 12.1 வோல்ட் காட்டும் பெட்டி, லோடு ஏறியதும் விழுந்துவிடலாம். சின்ன டிஸ்ப்ளேயோடு கடைகளில் விற்கும் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்களுக்கும் இதே குறை உண்டு. அவை மிகக் குறைந்த லோடில்தான் அளக்கின்றன. அதில் ஃபெயில் ஆனால் ஃபெயில்தான். அதில் பாஸ் ஆனால் முழு பாஸ் இல்லை.

மீட்டர் கண்ணுக்குத் தெரியாத 'ரிப்பிள்'

மீட்டரில் 12.05 என்று அசையாமல் நிற்கும். ஆனால் உள்ளே வோல்டேஜ் ஒரு செகண்டில் பல ஆயிரம் முறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். இதற்குப் பெயர் ரிப்பிள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் இது அதற்குத் தெரியாது.

12 வோல்ட் லைனில் இந்த ஏற்ற இறக்கம் 120 மில்லிவோல்ட்டையும், 5 மற்றும் 3.3 வோல்ட் லைன்களில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது என்கிறது ஏடிஎக்ஸ் விதி. இதை அளக்க ஆசிலாஸ்கோப் வேண்டும். மீட்டரை ஏசியில் வைத்து ரிப்பிள் பார்க்கலாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சாதாரண மீட்டர்கள் அவ்வளவு வேகமான மாற்றத்தை அளக்க உருவாக்கப்பட்டவை அல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயதாகும்போது உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் பலவீனமாகும். சூடும் தூசியும் அதை வேகப்படுத்தும். அப்போது ரிப்பிள் கூடும். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் வகை ஒயர்களை ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலுக்கு மாற்றக் கூடாது. கனெக்டர் பொருந்தினாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் நொடியில் போய்விடும்.

சுவரில் உள்ள பிளக்கையும் கவனியுங்கள்

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? பலர் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிரச்னை எர்த்தில்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் மெயின் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரண்ட் குறைவு என்றாலும் அலட்சியப்படுத்தக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்க்க வேண்டும்.

பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்பக்கம் 115, 230 என்று ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊரில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து ஆன் செய்தால் டமால்தான்.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதுமா?

வெண்கலம், தங்கம் என்று ஒட்டியிருக்கும் 80 பிளஸ் ஸ்டிக்கர், கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. வோல்டேஜ் எவ்வளவு துல்லியம், ரிப்பிள் எவ்வளவு என்பதற்கான சான்று அல்ல. தரமான எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம். ஆனால் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கடைசியில் முடிவு என்ன?

12.60-க்கு மேலோ, 5.25-க்கு மேலோ போகிறது என்று இரண்டு மீட்டர்கள் சொன்னால், கம்ப்யூட்டரை உடனே ஆஃப் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வரை ஆன் செய்ய வேண்டாம்.

லோடில் 11.40-க்குக் கீழே போகிறது, கனெக்டர்கள் நன்றாக இருக்கின்றன என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வாங்கிய பில்லைத் தேடுங்கள். பல எஸ்எம்பிஎஸ்களுக்கு சில ஆண்டுகள் வாரண்டி உண்டு. பெட்டியைத் திறந்திருந்தால் அது செல்லாது.

எல்லா வோல்டேஜும் சரி, லோடிலும் அசையவில்லை என்றால் அடுத்து சூடு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று தேடலாம். கடைக்குப் போகும்போது இந்த ரீடிங்குகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, லோடில் எவ்வளவு என்று எண்ணோடு கேட்கும் கஸ்டமரிடம், "மதர்போர்டு போயிடுச்சு" என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.